ஒடிசி என்ற பெயர் ஏறி இறங்கிய வண்டிகள்

பண்டாரவளைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இலங்கை மலையகத்து ஊரான எல்லயில் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப் போய் இடம் காட்டுவது அவருடைய தொழில். கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்கு வரும் சுற்றுலாக் கோச்சிக்குப் புகையிரதத் திணைக்களம் ‘எல்ல ஒடிசி’ என்று பெயர் வைத்திருக்கிறது. அதில் வந்த ஒரு வெள்ளைக்காரர், “அப்பல்லோ 13க்கும் இதே பெயர், செவ்வாயைச் சுற்றுகிற கலத்துக்கும் இதே பெயர்” என்றாராம். எல்லாம் ஒரே பெயரா, யார் அந்த ஒடிசி, கப்பல்காரரும் ராக்கெட்காரரும் கோச்சிக்காரரும் ஏன் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்கிறார். பதுளைக்கும் தெமோதரைக்கும் இடையே விட்ட ‘கலிப்ஸோ’ கோச்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பது அவருடைய இன்னொரு கேள்வி.

ஒரே பெயர்தான் தம்பி. ஒடிசா மாநிலத்து நடனத்தையும் தமிழில் ஒடிசி என்றே எழுதுகிறோம், அது வேறு. இது கிரேக்கத்து ஒடிசி. ஹோமர் பாடியதாகச் சொல்லப்படும் காவியம், சுமார் 12,000 வரிகள். நாயகன் ஒடிசியஸ், இத்தாக்கா என்ற சின்னத் தீவின் அரசன். டிராய் நகரத்துச் சண்டையில் பத்து வருடம், அங்கிருந்து வீடு திரும்பப் பத்து வருடம். கடல் தெய்வம் பொசைடனின் மகனுடைய கண்ணைக் குத்திவிட்டான். அந்தக் கோபத்தில் வழியெல்லாம் புயல். பன்னிரண்டு கப்பல்களோடு கிளம்பியவன் ஒரு கப்பலும் மிஞ்சாமல், கூட வந்த ஓர் ஆளும் மிஞ்சாமல், தனியாக ஊர் வந்து சேர்கிறான். வந்து பார்த்தால், அவன் மனைவி பெனலோப்பியைக் கட்டிக்கொள்ள ஒரு கூட்டமே வீட்டில் உட்கார்ந்து தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது. பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்குள்ளேயே போகிறான். நமக்கு இது புதுசா என்ன? நாடு இழந்து, உருமாறி, தேரோட்டியாகத் தமயந்தியின் இரண்டாம் சுயம்வரத்துக்கு வந்து நிற்கிற நளன்தான். நான் படிப்பித்த காலத்தில் ஒடிசியை நளனில்தான் தொடங்குவேன். பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

கதை முழுக்க வீடு திரும்புகிற பாடுதான். ஊர் சுற்றிப் பார்க்க அந்த மனிதனுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. ஆனால் பெயர் கைமாறிக் கைமாறி வந்ததில் திரும்புதல் உதிர்ந்துவிட்டது, நீண்ட பயணம் என்பது மட்டும் நின்றுவிட்டது. பெயர் வைக்கிறவர்கள் பெரும்பாலும் ஹோமரிடம் போய் எடுப்பதில்லை, தங்களுக்கு முன்னால் வைத்தவரிடமிருந்து எடுக்கிறார்கள் என்பது என் கணிப்பு. அப்படிக் கைமாறிய இடங்களில் முக்கியமான ஒன்று கொழும்பு. உங்கள் விருந்தாளிக்கு இது தெரிந்திருக்காது.

விண்வெளிக்குள் இந்தப் பெயரைக் கொண்டு போனது ஒரு படம், 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’. இயக்கியவர் ஸ்டான்லி குப்ரிக், அவரோடு சேர்ந்து கதை எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்தார், கொழும்பிலேயே குடியிருந்தார், 2008 மார்ச்சில் இறந்தபோது பொரளை கனத்தையில் அடக்கம் செய்தார்கள். படத்துக்கு முதலில் அறிவித்த தலைப்பு வேறு. அந்தக் காலத்துக் கிரேக்கர்களுக்குக் கடல் எப்படிப் புரியாத பெரும் பரப்பாக இருந்ததோ அப்படித்தான் நம் தலைமுறைக்கு விண்வெளி என்று குப்ரிக்குக்குப் பட்டது, ஒடிசி தலைப்பாயிற்று. வேடிக்கை என்னவென்றால், படத்தில் போகிற விண்கலத்தின் பெயர் டிஸ்கவரி. ஒடிசி என்பது தலைப்பில் மட்டும்தான்.

இரண்டே வருடத்தில் அது உண்மையான கலத்தில் ஏறியது. சந்திரனுக்குக் கிளம்பிய அப்பல்லோ 13இன் தளபதி ஜிம் லவெல் தன் கலத்துக்கு ஒடிசி என்று பெயர் வைத்தார். சொல்லின் ஓசை பிடித்திருந்ததாம். அகராதியில் ‘ஏற்ற இறக்கங்கள் பல நிறைந்த நீண்ட பயணம்’ என்று போட்டிருந்ததும் பிடித்திருந்ததாம். விதியும் அதே அகராதியைத்தான் வாசித்திருக்கும் போல.

1970 ஏப்ரல் 11இல் புறப்பட்டார்கள். 13ஆம் தேதி, பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போயிருந்தபோது, ஓர் ஒக்சிஜன் தொட்டி வெடித்தது. ஒடிசிக்கு மின்சாரம் அந்த ஒக்சிஜனிலிருந்துதான் வர வேண்டும். மிச்சம் இருந்தது கொஞ்சம் பட்டரி. பூமிக்குள் நுழையும்போது வெப்பத்தைத் தாங்கும் கவசம் ஒடிசியில்தான் இருக்கிறது, ஆகவே அந்தப் பட்டரியைக் கடைசி நேரத்துக்கென்று பொத்திவைத்தே ஆக வேண்டும். கலத்தை முழுசாக அணைத்துவிட்டு, சந்திரனில் இறங்கவென்று ஒட்டியிருந்த ‘அக்வேரியஸ்’ என்ற சின்னக் கலத்துக்குள் மூன்று பேரும் போய்விட்டார்கள். அது இரண்டு பேருக்கு இரண்டு நாள் தாங்கச் செய்தது. அதில் மூன்று பேர் நான்கு நாள் தாக்குப்பிடிக்க வேண்டியதாயிற்று.

மூச்சில் விடும் கரியமில வாயு ஏறிக்கொண்டே வந்தது. அதை உறிஞ்சும் பெட்டிகள் ஒடிசியில் நிறைய இருந்தன, ஆனால் அவை சதுரம். அக்வேரியஸில் பொருத்த வேண்டிய துளை வட்டம். இரண்டையும் வேறு வேறு கம்பனிகள் செய்திருந்தன. கீழே இருந்தவர்கள், மேலே அவர்கள் கைவசம் என்னென்ன இருக்கிறது என்று கணக்குப் பார்த்தார்கள்: பிளாஸ்டிக் பை, புத்தக அட்டை, விண்வெளி உடுப்பின் குழாய், ஒட்டுகிற டேப். அதைக்கொண்டு ஓர் ஒட்டுவேலையைச் செய்து பார்த்து, செய்முறையை வானொலியில் வரி வரியாகச் சொன்னார்கள். வாயு இறங்கியது. ஏப்ரல் 17 காலை, குளிரில் விறைத்து, உள்ளே எல்லாக் கருவிகளிலும் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்த ஒடிசியை மறுபடி உயிர்ப்பித்தார்கள். பசிபிக் கடலில் பத்திரமாக இறங்கினார்கள். பெயருக்குப் பொருத்தமாக நடந்துகொண்ட வாகனம் என்று நான் இதைத்தான் சொல்வேன். சந்திரனைத் தொடவில்லை, வீடு வந்து சேர்ந்தது.

அதற்கப்புறமும் அந்தக் கலத்துக்கு அலைச்சல் முடியவில்லை. உள்சாமான்களைக் கழற்றி விசாரணைக்கு எடுத்தார்கள், வெறும் கூடு பாரிஸ் அருகே ஒரு நூதனசாலையில் வருடக்கணக்காக நின்றது. பிறகு எல்லாவற்றையும் தேடிச் சேர்த்து மாட்டி, இப்போது அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஹட்சின்சன் என்ற ஊரில் வைத்திருக்கிறார்கள்.

இனிக் கொழும்புச் சங்கதி. நாசா செவ்வாய்க்கு அனுப்பிய இரண்டு கலங்கள் 1999இல் அடுத்தடுத்துத் தொலைந்தன. ஒன்று, ஒரு குழு இறாத்தல் கணக்கிலும் இன்னொரு குழு மெட்ரிக் கணக்கிலும் எண் கொடுத்துக்கொண்டதால் போனது. இந்த வெட்கத்தில் 2001க்கென்று அடுத்த கலத்தைத் தயார் செய்தபோது பெயர் கேட்டார்கள். இருநூறு பெயர்கள் வந்தன. குழு தேர்ந்தெடுத்தது ‘ஏரீஸ்’, ஒரு நீளமான பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்த சுருக்கம். ஏரீஸ் கிரேக்கர்களின் போர்த் தெய்வம். கவர்ச்சியும் இல்லை, சண்டைக்குப் போகிற மாதிரியும் இருக்கிறது என்று எதிர்ப்பு வந்தது. ‘2001 மார்ஸ் ஒடிசி’ என்ற பெயரும் பட்டியலில் இருந்தது, ஆனால் பதிப்புரிமைத் தகராறு வருமோ என்று முன்பே ஒதுக்கிவைத்திருந்தார்கள். சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று இலங்கையில் இருந்த கிளார்க்குக்கு மின்னஞ்சல் போட்டார்கள். தனக்கு மெத்தச் சந்தோஷம், மறுப்பு ஒன்றும் இல்லை என்று பதில் போனது. பெயர் மாறியது.

அந்தக் கலம் 2001 ஏப்ரல் 7இல் புறப்பட்டு ஒக்டோபரில் செவ்வாயை அடைந்தது. எரிபொருளை மிச்சம்பிடிக்க, செவ்வாயின் மெல்லிய காற்றில் மூன்று மாதம் உரசி உரசித் தன் சுற்றுப்பாதையைச் சுருக்கிக்கொண்டது. நிலத்துக்கு ஒரு மீட்டர் அடிக்குள்ளேயே ஏராளமாகப் பனிக்கட்டி இருக்கிறது என்று 2002இல் காட்டிக்கொடுத்தது. ஸ்பிரிட், ஒப்போர்ச்சூனிட்டி என்று கீழே ஓடிய வண்டிகளின் தரவுகளில் பெரும்பங்கை வாங்கிப் பூமிக்கு அனுப்பியதும் அதுதான். வேறொரு கிரகத்தைச் சுற்றி இவ்வளவு காலம் வேலை செய்த கலம் வேறில்லை. வீடு திரும்பத்தான் அதற்கு வழியே கிடையாது.

கிளார்க்கின் இன்னொரு நாவலை எங்கள் மலைநாட்டுக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1979இல் வந்தது, ‘தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்’. பூமியிலிருந்து விண்ணுக்கு ஒரு கம்பியில் மின்தூக்கி விடுகிற கதை. அதன் அடிவாரத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது சிவனொளிபாத மலை, கதையில் ஸ்ரீகந்த என்று பெயர் மாற்றியிருப்பார். அப்படி ஒரு தூக்கி பூமத்திய ரேகையில்தான் நிற்க முடியும், நம் தீவு கிட்டத்தட்ட ஏழு பாகை வடக்கே இருக்கிறது. கிளார்க் கவலைப்படவே இல்லை, தீவையே சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவைத்துவிட்டார். எழுத்தாளனுக்கு உள்ள வசதி அது.

நிஜத்தில் தீவைத் தள்ள முடியாதவர்கள் ஒரு மேடையை மிதக்கவிட்டார்கள். அதன் பெயரும் ஒடிசி! ஸீ லோஞ்ச் என்ற கம்பனி, அமெரிக்கா, ரஷ்யா, உக்ரைன், நோர்வே நாட்டவர் கூட்டு. பூமத்திய ரேகையில் பூமி தன் சுழற்சியாலேயே மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தைச் சும்மா தருகிறது. அங்கிருந்து விட்டால் அதே ராக்கெட்டில் கூடுதல் பாரம் ஏற்றலாம். ஆகவே கலிஃபோர்னியாவிலிருந்து ராக்கெட்டையும் மேடையையும் பசிபிக்கின் நடுவுக்குக் கொண்டுபோய், ஆட்களைப் பக்கத்துக் கப்பலுக்கு இறக்கிவிட்டு, ஆளில்லாத மேடையிலிருந்து ஏவினார்கள். 1999 முதல் 2014 வரை 36 ஏவல்கள். பெரும்பாலும் தொலைத்தொடர்புச் செய்மதிகள், பூமியோடு சேர்ந்து சுற்றும் உயரத்துக்கு. அந்த உயரத்தில் செய்மதி நிறுத்தி உலகம் முழுக்கப் பேசலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? இதே கிளார்க்.

அந்த மேடையின் முன்ஜென்மம் கொஞ்சம் கொடுமையானது. அது எண்ணெய் தோண்டும் மேடையாகப் பிறந்தது, அப்போது ‘ஓஷன் ஒடிசி’. 1988 செப்டெம்பரில் வட கடலில் கிணறு வெடித்துத் தீப்பிடித்து, வானொலி இயக்குநர் ஒருவர் இறந்தார். எரிந்த மேடையைத்தான் நோர்வேயில் திருத்தி ராக்கெட் மேடை ஆக்கினார்கள். அதே 1988, நவம்பர் மாதம், ‘ஒடிசி’ என்ற எண்ணெய்க் கப்பல் கனடாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் புயலில் இரண்டாகப் பிளந்தது. 27 மாலுமிகளும் போனார்கள், ஒரு லட்சத்து முப்பதாயிரம் தொன்னுக்கு மேல் எண்ணெய் கடலில். பிறகு 2007 ஜனவரியில் ராக்கெட் மேடையிலும் ஒரு ராக்கெட் கிளம்புகிற இடத்திலேயே வெடித்தது. எங்கள் அப்பத்தா இருந்திருந்தால் பெயரை மாற்று என்று சொல்லித் திருநீறு பூசியிருப்பார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்தப் பெயரில் எத்தனையோ கப்பல்கள் ஒழுங்காகப் போய் ஒழுங்காக வந்தன, அவை செய்தியாவதில்லை. ஆனாலும், எல்லாக் கப்பலையும் பறிகொடுத்தவனின் பெயரைக் கப்பலுக்கு வைக்கிறோமே என்று பெயர் வைத்தவர்கள் ஒரு நிமிடம் யோசித்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கம்பனிகளில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஃபுளோரிடாவில் ஒடிசி மரைன் எக்ஸ்புளொரேஷன் என்று ஒன்று, மூழ்கிய கப்பல்களில் புதையல் எடுப்பது அதன் தொழில். 2007இல் அட்லாண்டிக்கில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட நாணயங்கள் எடுத்தார்கள், 17 தொன் அளவில். எந்தக் கப்பல் என்று சொல்லாமல் ‘கறுப்பு அன்னம்’ என்று ஒரு புனைபெயர் வைத்தார்கள். ஸ்பெயின் விடவில்லை. 1804இல் ஆங்கிலேயர் தாக்கி மூழ்கடித்த எங்கள் மெர்சிடெஸ் கப்பல் இது என்று அமெரிக்க நீதிமன்றத்தில் நிரூபித்து, 2012 பெப்ரவரியில் இரண்டு விமானங்களில் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இருநூறு வருடம் கழித்து வீடு திரும்பிய காசு. ஒடிசி என்ற பெயருக்குச் செலவு மட்டும்தான் மிச்சம்.

மற்றவை சில்லறை. 1972இல் வந்த முதல் வீட்டு வீடியோ கேம் பெட்டி மேக்னவோக்ஸ் ஒடிசி, ஹொண்டாவின் ஒடிசி வேன், ‘ஒடிசி ஒஃப் த ஸீஸ்’ என்ற உல்லாசக் கப்பல். 2024 பெப்ரவரியில் சந்திரனில் இறங்கிய தனியார் கலத்துக்கு நாயகனின் பெயரையே வைத்தார்கள், ஒடிசியஸ். இறங்கிய கையோடு சாய்ந்து படுத்துவிட்டது.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது யூலிஸஸ். ஒடிசியஸின் லத்தீன் வடிவம் அது. 1990 ஒக்டோபரில், நாசாவின் டிஸ்கவரி விண்ணோடத்திலிருந்து, சூரியனின் துருவங்களைப் பார்க்க அனுப்பிய ஐரோப்பிய–அமெரிக்கக் கலம். இங்கே பெயர் வந்த வழி வேறு. இத்தாலியக் கவி டான்டேயின் நரகத்தில் வரும் யூலிஸஸ் வீட்டில் இருக்க மாட்டாமல் வயதான காலத்தில் மறுபடி படகேறி, சூரியனுக்குப் பின்னால் ஆளில்லாத உலகத்தைத் தேடிப் போய் மூழ்கிப்போகிறவன். சூரியனுக்கு மேலே போகிற கலத்துக்கு இது கச்சிதம். 2009 வரை உழைத்தது. பெயரைக் கதையிலிருந்து நேரே, அதுவும் படித்துப் பார்த்து எடுத்தவர்கள் என்று இவர்களைத்தான் மெச்சுவேன்.

கலிப்ஸோவைக் கேட்டீர்கள். காவியத்தில் அவள் ஒரு தேவதை, ஒடிசியஸைத் தன் தீவில் ஏழு வருடம் பிடித்துவைத்தவள். மோல்ட்டா பக்கத்துக் கோசோ தீவுதான் அது என்பார்கள். மோல்ட்டாவுக்கும் கோசோவுக்கும் இடையே ஓடிய ஒரு படகுக்குக் கலிப்ஸோ என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடி அகற்றிய பழைய கப்பல் அது. 1950இல் அது பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ கைக்கு வந்து உலகப் புகழ் பெற்றது. 1996இல் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு பார்ஜ் மோதி மூழ்க, மறுபடி தூக்கினார்கள். பதுளைக் கலிப்ஸோ பாட்டுவழி வந்தது. கரீபியன் தீவுகளின் கலிப்ஸோ இசை, நம் ஹோட்டல்களில் கிட்டார் கோஷ்டிகள் வாசிக்குமே, அதுதான். தேவதைக்கும் அதற்கும் உறவில்லை. இருந்தாலும் ஒடிசியும் கலிப்ஸோவும் ஒரே தண்டவாளத்தில் வந்து சேர்ந்தது வேடிக்கையான பொருத்தம். வானத்திலும் அப்படித்தான். சனிக்கிரகத்தின் டெத்திஸ் என்ற நிலவில் ஒடிசியஸ் என்று ஒரு பள்ளம், நம் தீவின் வடக்கு–தெற்கு நீளம் அளவுக்கு அகலம். அதே நிலவின் பாதையிலேயே, அதற்குப் பின்னால், கலிப்ஸோ என்ற குட்டி நிலவு ஓடுகிறது. நளனைப் பிடித்த சனி அங்கேயும் விடவில்லை.

எங்கள் பாதைக்கு வருவோம். நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924 என்று மலையைக் குடைந்து குடைந்து வந்த பாதை. புகையிரதத் திணைக்களத்துக்கு ரம்பல பொது முகாமையாளராக இருந்த 1950களில் கடுகதிகளுக்குப் பெயர் வைத்தபோது உடரட்ட மெனிக்கே, யாழ் தேவி, ருகுணு குமாரி என்று அந்தந்தப் பக்கத்துப் பெண் பெயர்களாக வைத்தார்கள். பெயரைக் கேட்டதும் எந்தப் பாதை என்று தெரிந்துவிடும். ஒடிசி அப்படி இல்லை. அது டிக்கட் வாங்குகிற வெளிநாட்டுக்காரர் காதுக்கு வைத்தது. காட்சியுள்ள இடத்தில் நின்று நின்று போகிற கோச்சிக்கு அது பொருந்தாமலும் இல்லை. எனக்கு மெனிக்கேதான் பிடிக்கும்.

இதே பாதையில் யாரும் அறிவித்து வைக்காத பெயர் ஒன்றும் ஓடியது: ஒப்பாரிக் கோச்சி. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், மலையகத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று எழுதினார்கள். தோட்டம் தோட்டமாகப் பிரித்து, மலையகத்து ஸ்டேசன்களில் ஏற்றி, தலைமன்னாருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று வந்த குடும்பங்கள் உண்டு. கோச்சி நகர்ந்த பிறகும் யன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார்கள், பெண்கள் பிளாட்ஃபோர்மில் விழுந்து ஒப்பாரி வைப்பார்கள். கடதாசியில் அவர்கள் ‘தாயகம் திரும்புவோர்’. திரும்புகிறவர்களில் பலர் அந்தத் தாயகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, இங்கேயே மூன்றாம் தலைமுறை. ஒடிசியஸுக்காவது இத்தாக்கா எது என்று தெரியும்.

இவ்வளவையும் உங்கள் விருந்தாளியிடம் கொட்ட வேண்டாம் தம்பி. அமெரிக்கர் என்றால் அப்பல்லோ, சதுரப் பெட்டி, வட்டத் துளை; அவர்களுக்கே பாதிதான் தெரிந்திருக்கும். ஸ்பெயின்காரர் என்றால் காசுக் கதை, உங்களுக்கு டிப்ஸ் நிச்சயம். விஞ்ஞானப் பைத்தியமாகத் தெரிந்தால் கொழும்புக்கு வந்த மின்னஞ்சல். ஒப்பாரிக் கோச்சியை அவர்களாக “இந்தத் தோட்டத்து ஆட்கள் யார்?” என்று கேட்டால் மட்டும் சொல்லுங்கள், கேட்டால் முழுசாகச் சொல்லுங்கள். எல்லயில் ஏறித் தெமோதரையில் இறங்குவதற்குள் இதில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கும். அதிலும் ஒன்பது வளைவுப் பாலம் வந்துவிட்டால் ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள், ஆகவே பாலத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிடுங்கள்.